பின்பக்கத்துக் கிழிசல்

இப்படியும் ஒரு உடுப்பு உண்டா சாமி! கார்மேகம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். சட்டை, கால்சட்டை, தலைக்குல்லாய் எல்லாம் சேர்ந்து ஒரே உருப்படி. போதாக்குறைக்கு ரோமம் உள்ளே, தோல் வெளியே. பர் துபாய் வெயிலில் அதைத் தொட்டதுமே அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

“ஐஸ் தேசத்துல இன்யூட்னு ஒரு சனமாம். பிள்ளைகளுக்கு மான்தோல்ல தைப்பாகளாம்,” என்றார் தையல்கடை முதலாளி சதக்கத்துல்லா. “அந்தக் கனடாக்காரம்மா மகனைத் தூக்கிக்கிட்டு அங்கதான் போகுது. குல்லாயில தையல் விட்டிருக்கு, போட்டுக் குடு. அந்தம்மா திருப்தியாப் போனா உன் லீவைப் பத்திப் பேசுவோம்.”

லீவு! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மூன்று வருஷமாக நாயாய் உழைக்கிறான். விமானம் ஏறியபோது அவன் மனைவி ஜெயமணி முழுகாமல் இருந்தாள். பிறந்த பையனின் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை.

குல்லாயைத் தைத்துவிட்டுத் திருப்பினால், அடப்பாவமே, கால்சட்டையின் பின்பக்கம் நடுவில் ஒரு சாண் பிளந்து கிடக்கிறது! அந்தம்மா இதைச் சொல்லவே இல்லையே, கூச்சமா? விளிம்பு வேறு மடித்துத் தைத்திருக்கிறது. கிழிசலை எவனாவது மடித்துத் தைப்பானா? குழப்பம் மண்டையைக் குடைந்தது. பனியில் பிள்ளைக்கு விறைத்துப் போகாதா? கேட்காமலே செய்தால் முதலாளி மெச்சுவார் என்று, இரட்டை நூல் கோத்து, விரல் நோக அதை மூடினான்.

மறுநாள் அந்தம்மா கடையின் ஏ.சி.யில் மகனுக்கு அதை மாட்டிப் பார்த்தாள். பையன் கரடிக்குட்டி போலக் கொஞ்சம் ஆடினான். பிறகு நெளிந்தான், குத்தவைத்தான், முக்கினான். அந்தம்மா பதறிப்போய்ப் பின்னால் தடவினாள். திறப்பைக் காணோம்! கழற்றுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் ஏதோ சொன்னாள்.

“அது கிழிசல் இல்லடா மடையா! பிள்ளை வெளிக்கிப் போக விட்ட வழியாம்!” முதலாளிக்கு ஆத்திரம் பொங்கியது. “பனியில அவுத்துட்டா இருக்க முடியும்? நீயும் பிள்ளை பெத்தவன்தான, இதுகூடவா தெரியாது?”

கார்மேகம் திருதிருவென்று விழித்தான். “நான் எங்க முதலாளி பாத்தேன்? எம்மவன் நடக்குறானா, குத்தவைக்கிறானா, எதுவும் எனக்குத் தெரியாது.”

சொன்னதும் வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அந்தம்மா பிள்ளையைக் கழுவத் தூக்கிப் போனாள். சதக்கத்துல்லா மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினார்.

“தையலைப் பிரிச்சுக் குடு,” என்றார் கடைசியில், அவனைப் பார்க்காமலே. “பிரிச்சுட்டு வந்து எங்கிட்ட இருக்குற உன் பாஸ்போர்ட்டை வாங்கிக்க.”

உடுப்பை எடுக்கப் போன கார்மேகம் திரும்பினான். “லீவா முதலாளி, இல்ல விசாவைக் கேன்சல் பண்ணி அனுப்புறீகளா?”

“லீவுதான்ப்பா. போய் மகனைப் பாரு.”