சீனி குடித்த தேனீ

மார்த்தாண்டத்துக்குத் தெற்கே தேன் விற்கிறவர்களில் பொய் சொல்லத் தெரியாதவர் ததேயுஸ் ஒருவர்தான். பெண் பார்க்கப் போன வீட்டில், "எனக்குக் குறட்டை உண்டு" என்று தானாகவே சொல்லி மூன்று சம்பந்தங்களைத் தொலைத்தவர். நாலாவதாகப் பார்த்த ஓமனாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். கல்யாணம் நடந்தது.

பகவதியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒன்பது வருஷமாக அபிஷேகத் தேன் கிறிஸ்தவரான ததேயுஸுடையது. கமிட்டியில் தலைவர் சுடலையாண்டி சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: "வேதக்காரன்னா எனக்கு அவனத்தான் தெரியும்." பொருளாளர் அனீஷுக்கு வேறொரு வேதக்காரரைத் தெரியும். சபைச் செயலாளர் ஏசுவடியான், பைபிள் வசனம் ஒட்டிய புட்டியில் அவனுக்குத் தேன் என்று வெல்லப்பாகு விற்றிருந்தார். அன்றிலிருந்து வேதக்காரர் தேனுக்கு அவன் எதிர்க்கட்சி.

கொடையன்று காலை தோசையைப் புரட்டியபடி ஓமனா சொன்னாள். "மாசி மழையில தேனீயெல்லாம் பட்டினி கெடந்துல்லா? பாவமா இருந்து. பத்துப் பெட்டிக்கும் சீனித்தண்ணி வச்சேன், கேட்டியளா."

ததேயுஸ் பாதித் தோசையில் எழுந்துவிட்டார். அந்தப் பத்துப் பெட்டித் தேன்தான் நேற்று கோயிலுக்குப் போயிருந்தது. பத்து மணிக்கு அபிஷேகம். இப்போது ஒன்பதரை.

கோயிலுக்குப் புறப்பட்ட ஸ்கூட்டரைச் சபை வாசலில் ஏசுவடியான் மறித்தார். விஷயத்தைக் கேட்டதும் சாவியையே உருவிவிட்டார்.

"ஒமக்குக் கிறுக்கா வே? அனீஷு மைக் வச்சுச் சொல்லுவான், வேதக்காரனெல்லாம் கள்ளனுவன்னு. நம்ம சாட்சி, நம்ம பேரு என்னாவும்? அபிஷேகத் தேன எவன் ருசி பாக்கான்? வீட்டுக்குப் போம்."

 ஏசுவடியான் சொன்னதில் பாதி உண்மை. அனீஷ் மைக் வைப்பான். சுடலையாண்டி தலை குனிவார். ததேயுஸ் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து, ஓடினார்.

பூசாரி தேன்குடத்தைத் தூக்கிவிட்டிருந்தார்.

"ஊத்தாதீங்க. அதுல சீனி உண்டு."

மேளம் நின்றது. சுடலையாண்டி தூணைப் பிடித்துக்கொண்டார். அனீஷ் மெல்லப் படியிறங்கி வந்தான்.

"கலந்தீரோ?"

"கலக்கல. ஈ சீனித்தண்ணி குடிச்சிருக்கு. காலையிலதான் தெரிஞ்சுது."

"சொல்லலன்னா யாருக்கு வே தெரியும்?"

"எனக்கு. ஓமனாவுக்கு. ஈக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அனீஷ் மைக்கைப் பார்த்தான். அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தான்.

"வேற தேன் இருக்கா?"

"போன வருசத்தது ஒரு புட்டி, வீட்டுக்குன்னு வச்சது."

"அதுல?"

"சீனி இல்ல."

அனீஷ் பைக் சாவியை எடுத்தான். "ஏறும் வே."

சபை வாசலில் ஏசுவடியான் சாலைக்கே வந்து கையை ஆட்டினார். "தேனா வேணும்? எங்கிட்ட உண்டு மக்கா. சுத்தமானது. சத்தியமா."

பைக் வேகம் குறையவில்லை. அனீஷின் வண்டிக்குப் பிரேக் இல்லை என்று ஏசுவடியான் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லி வருகிறார்.