பச்சை என்று அவர் சொன்னது

பிறவியிலேயே எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. முப்பத்தொரு வயது வரை வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். ஆறு வாரத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். இது சரியாக வந்தால்தான் இடது கண்ணுக்குச் செய்வோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திருமயம் பக்கத்தில் எங்கள் வீட்டில், என் கணவர் நிலவழகன்தான் எனக்கு நிறங்களைச் சொல்லிக்கொடுத்தார்.

"அன்பு, இது வாழை எலை. பச்சை. இது தக்காளி, செவப்பு. இந்த வாளி பச்சை."

இலையும் வாளியும் எனக்கு ஒன்றுபோலத் தெரியவில்லை. ஆனால் கேட்கவில்லை. எட்டு வருஷமாக, முன்னால் பள்ளம் என்று அவர் சொன்னால் பள்ளம் இருந்திருக்கிறது. மழை வரும் என்றால் வந்திருக்கிறது. ஆறு வாரக் கண்ணை எதை வைத்து நம்புவது? கோளாறு என் கண்ணில்தான் என்று முடிவுசெய்து, அந்தப் பயத்தை அவரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

பரிசோதனைக்காக அவரோடு புதுக்கோட்டைக்குப் போன அன்று கல்யாணச் சேலையை உடுத்திக்கொண்டேன். "எனக்குப் புடிச்ச பச்சையில எடுத்திருக்கேன்" என்று அவர் கொடுத்த சேலை. என் பச்சைச் சேலை என்று நான் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் ஒரு கணம் பேசாமல் இருப்பார்கள். பார்வையில்லாதவள் நிறத்தைப் பேசுகிறாளே என்ற இரக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

நர்ஸ் சரண்யா சிரித்தாள். "சேலை நல்லாருக்கே அக்கா. என்ன கலர், சொல்லுங்க பாப்போம்."

"பச்சை."

அவள் பேனா நின்றது. இரண்டு அட்டைகளை நீட்டினாள். ஒன்று வாழை இலை மாதிரி இருந்தது, இன்னொன்று எங்கள் வாளி மாதிரி.

"ரெண்டும் பச்சை."

"ரெண்டும் ஒரே மாதிரியாவா தெரியுது?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "இல்ல சிஸ்டர். வேற வேறயாத்தான் தெரியுது. ஆனா..."

"ரெண்டும் பச்சைதானே சிஸ்டர்? அவ சரியாத்தான் சொல்றா" என்று பின்னாலிருந்து அவர் எனக்காகப் பரிந்து பேசினார்.

சரண்யா மெதுவாகத் திரும்பினாள். "அண்ணே, நீங்க இங்கிட்டு வந்து ஒக்காருங்க."

புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்தாள். "இதுல என்ன நம்பர் இருக்கு?"

"நம்பரா? வெறும் புள்ளியால்ல இருக்கு. வெளையாடுறீங்களா?"

அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். புள்ளிகளுக்கு நடுவே வேறொரு நிறம் வளைந்து போனது. எனக்கு இன்னும் எண் படிக்கத் தெரியாது. அந்த வளைவின் மேலேயே விரலை இழுத்துக் காட்டினேன்.

"எட்டு" என்றாள் சரண்யா. "அக்கா கண்ணு நல்லாருக்கு. டாக்டரைப் பாத்துட்டு அடுத்த கண்ணுக்குத் தேதி வாங்கிக்கங்க. அண்ணனுக்குத்தான் செவப்பும் பச்சையும் பிரியல. இது பொறப்புலேயே வர்றது."

"தக்காளி செவப்புன்னு நான் சரியாத்தானே சொல்றேன்?"

"எல்லாரும் சொல்லிக் கேட்டிருப்பீங்கண்ணே."

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், முப்பத்தொரு வருஷமாக. பார்த்தவர்கள் சொன்னதை வைத்தே நாங்கள் இரண்டு பேரும் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். பயம் போன இடத்தில் அவர் மேல் புதிதாக ஓர் ஆசை வந்தது.

ஊருக்குத் திரும்பும் பஸ் நமணசமுத்திரம் தாண்டியது. அவர், "ஊர்ல ஒருத்தருமே சொல்லலையே அன்பு" என்றார்.

"பாவம், கண்ணு தெரியாதவன்னு விட்டிருப்பாங்க."

"யாரை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். என் முந்தானையை எடுத்து விரல்களுக்கிடையே வைத்துப் பார்த்தார்.

"அப்ப இது என்ன கலருதான்?"

நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். யாரையும் கேட்காமல் நானே பார்த்தேன்.

"பேரு தெரியலைங்க. தக்காளிச் செவப்பு இல்ல, நம்ம வாளி மாதிரி இருக்கு."

"வாளியா!"

"ஆமா. அந்த வாளி எனக்கு ரொம்பப் புடிக்கும்."