மீட்டர் ஏறாத வண்டி

நெய்வேலியில் இரண்டாவது சுரங்கத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த வருடம், என் வீட்டுக்காரர் மருதாசலம் ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். மைன்ஸ் ஸ்டோர்ஸில் கிளார்க்காக இருப்பவருக்குப் பிக்கப் எதற்கு என்று கேட்டேன். காண்ட்ராக்டுக்கு விடப் போகிறேன் என்றார். விட்டாரா என்றால் இல்லை. விட்டால் மீட்டர் ஏறிவிடுமாம்.

அந்த மீட்டர்தான் அவருக்குக் குலதெய்வம். எட்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. முந்திரி வியாபாரி ஒருவர் வாங்கிக் கொட்டகையிலேயே நிறுத்தி வைத்திருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரையும் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஓசியில் காபி கிடைத்தால் யார்தான் தலையாட்ட மாட்டார்கள்?

கொஞ்ச நாளில் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. இஞ்சினில் ஆயில் குறைந்தால் எரியும் விளக்கு. எண்ணெய்க் குடுவை படமே போட்டிருந்தது. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் புரியும். இவருக்குப் புரியவில்லை.

"ஓடாத வண்டியில ஆயில் எப்பிடிக் கொறையும்? நீ தோசை சுடாத அன்னிக்கு எண்ணெய் தீருதா?"

"தூக்குல ஓட்டை இருந்தாத் தீருமுங்க" என்றேன்.

ஓட்டைக்குச் சாட்சி வாசலிலேயே இருந்தது. காலையில் கோலம் போடும்போது பார்த்தேன், வண்டிக்கு அடியில் மண் கறுத்துக் கிடந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். "கரித்தூசி" என்றார்.

இந்த ஊருக்கே பிடித்த வியாதி இது. கொடியில் வேட்டி கறுத்தால் கரித்தூசி. அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் கரித்தூசி. பக்கத்து வீட்டு ராஜாங்கம் சார், சுரங்கம் வெட்டிய நாளிலிருந்து சர்வீஸில் இருப்பவர், குனிந்துகூடப் பார்க்காமல் "நம்ம கரிதாம்மா, காத்துல வர்றது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார். காற்றில் வரும் கரி வண்டிக்கு அடியில் மட்டும் தேடிப் போய் விழுமா? கால் வைத்தால் வழுக்குமா? கேட்டால் நான் வாயாடி.

விளக்கு மட்டும் அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. ஆயுத பூஜையன்று வண்டி முழுக்கச் சந்தனம் குங்குமம் வைத்தவர், அந்த விளக்கின் மேலும் தடிமனாக ஒரு பொட்டு அப்பிவிட்டார். அதன்பிறகு வெளிச்சம் தெரியவில்லை. அவர் கணக்கில் வண்டி குணமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பண்ருட்டியில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ என்று என்னை வரச் சொன்னார்கள். என் டிரெயினிங் சர்டிபிகேட் கல்யாணமான நாளிலிருந்து டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு கிடந்தது. அதை வெளியே எடுத்து முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், அவ்வளவு ஆசை. பத்து மணிக்கு மேல் வந்தால் பார்க்க மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸிலேயே போகிறேன் என்றேன்.

"வீட்டுல வண்டியை நிறுத்திட்டு நீ பஸ்ல போனா பிளாக்குல என்ன பேசுவாங்க?"

பெருமைக்காக என்றால் மீட்டர் ஏறலாம் போலிருக்கிறது.

காடாம்புலியூரைத் தொடும்போது இஞ்சின் கடகடவென்று உதறியது, புகைந்தது, நின்றது. சுற்றிலும் முந்திரித் தோப்பு. இவர் பானெட்டைத் திறந்து சாமி கும்பிடுவது போல் நின்று பார்த்துவிட்டு மூடினார்.

"சூடாயிருக்கு. ஆறினா ஓடும். கரித்தூசி அடைச்சிருக்கும்."

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். நான் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன். விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பண்ருட்டி பஸ் வந்தது. இறங்கிக் கையை நீட்டினேன்.

"புருசனை நடுரோட்டுல விட்டுட்டுப் போனான்னு பேசுவாங்க, சந்திரா."

"நீங்களும் வாங்க."

"வண்டியை விட்டுட்டா? டயரெல்லாம் புதுசு."

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "பேசிக்கினே நின்னா எப்பிடிம்மா, ஏறுங்க. அவரு வரலீங்களா?" என்றார்.

"அவர் மீட்டருக்குக் காவலுங்க" என்று ஏறிவிட்டேன்.

பத்து மணிக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான்.

சாயங்காலம் திரும்பும்போது பஸ் காடாம்புலியூரில் நின்றது. இவர் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஜன்னலுக்கு ஓடிவந்தார். போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"இஞ்சின் ஜாம் ஆயிருச்சாம், மெக்கானிக் வந்து பாத்துட்டான். ஆனா மீட்டரைப் பாத்துட்டு அவனே அசந்துட்டான், சந்திரா" என்றார். "இறங்கு, தொணைக்கு இரு. லாரி வந்து கட்டி இழுக்கணும்."

நான் இறங்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும். பருத்திப் புடவைகளுக்குக் கஞ்சி போட்டு, கரித்தூசி படாமல் உள்ளே காயப்போட வேண்டியிருந்தது.