ஒரு கூரைக்கு எத்தனை வீடு

அப்பாவைக் குளிப்பாட்ட வைத்திருந்த வெந்நீர் அண்டாவைச் சந்திரகாந்தி அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, கீழே ரோட்டில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யார் என்று அவளுக்குத் தெரியும். வெளியே போய்ப் பார்க்கவில்லை. தங்கை துஷாந்தி செருப்பை வாசலில் உதறிவிட்டு ஓடி வந்து அப்பாவின் மேல் விழுந்தாள். அவள் போட்ட சத்தத்தில், சற்று ஓய்ந்திருந்த பெண்கள் எல்லோரும் மறுபடி அழத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு ரெங்கம்மா அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"காலையில இருந்து ஒன்னயேதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு தாயி."

சந்திரகாந்தி அண்டாவைத் துணி பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். ஒரு மணிக்கு அப்பாவின் உயிர் போனதிலிருந்து தன்னை யாரும் அப்படிக் கட்டிக்கொள்ளவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்பா தம்பையா தேயிலைப் பெக்டரியில் முப்பது வருஷம் வேலை செய்தவர். தூசி நெஞ்சில் அடைத்து அவர் கட்டிலோடு கிடந்த நான்கு வருஷமும் பார்த்தவள் மூத்தவள் சந்திரகாந்திதான். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். பிள்ளைகள் தூங்கும் நேரம் வீட்டுக்கு ஓடி வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு மறுபடி ஓடுவாள். அப்பா அவளிடம் பேசியதெல்லாம் தண்ணீர், போர்வை, சன்னலைச் சாத்து, இவ்வளவுதான். அவளும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை, ஆறு மாதத்துக்கு முன்புவரை.

துஷாந்தி பதுளையில் ஒரு கம்பனியில் இருந்தாள். வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் எந்த வழியாகப் போகவேண்டும், எந்தக் கம்பத்தில் கேபிளைக் கட்டுவது, எங்கே பெட்டி வைத்து எத்தனை வீட்டுக்குப் பிரிப்பது என்று கம்பியூட்டரில் வரைவதுதான் அவள் வேலை. அவர்களுடைய தோட்டம் உட்பட நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்கள் அவள் கைக்கு வந்தபோது ஒரு சிக்கல் வந்தது. லயத்தில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி வரிசையாக இருக்கும்; வானத்திலிருந்து எடுத்த படத்தில் அது ஒரே நீளக் கூரை. கம்பியூட்டர் அதை ஒரு வீடு என்று எண்ணிவிட்டது. அந்தக் கணக்கில் பெட்டி வைத்தால், முதலில் கேட்கிற வீட்டுக்குக் கிடைக்கும், மற்றவர்களுக்கு இடமில்லை என்று கையை விரித்துவிடுவார்கள்.

அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் லேப்டொப்போடு வந்து அப்பாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அப்பா தலையணையில் சாய்ந்து, நடுங்கும் விரலால் கூரை கூரையாகத் தொட்டுக்காட்டி, இது இன்னார் வீடு, இது இன்னார் வீடு என்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை இருந்தது. மூச்சு வாங்க வாங்கச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சந்திரகாந்தி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்குக் கஞ்சி ஊட்டுகிறவளிடம் பேச மூச்சில்லாத மனிதருக்கு இவளிடம் பேச மட்டும் எங்கிருந்து மூச்சு வருகிறது என்று நினைத்தாள்.

மூன்றாம் லயத்தில் எட்டு வீடு என்றார் அப்பா. துஷாந்தி எட்டு வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கும் பெட்டி ஒன்றை அங்கே வைத்தாள். தேநீர் கொண்டுபோன சந்திரகாந்தி அதைக் கேட்டாள். அது தப்பு. அங்கே இரண்டு வீடுகளை நடுவில் பலகை வைத்து மறித்து, மகன்களுக்குக் கல்யாணம் முடித்துக் குடி வைத்திருந்தார்கள். அந்த மகன்களின் குழந்தைகள் தினமும் அவள் ஆட்டும் தொட்டிலில்தான் தூங்கின. எல்லா லயத்திலும் எல்லா வீடும் அவளுக்கு மனப்பாடம். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லாமல் கோப்பையை வைத்துவிட்டு வந்தாள்.

இன்று காலை அப்பா அவளைக் கூப்பிட்டார். வழக்கத்தைவிட மூச்சு மோசமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"சின்னவளுக்கு ஒரு போன் போடும்மா. கணக்குல ஒண்ணு பெசகிப்போச்சு. அவகிட்ட சொல்லணும்."

"என்னான்னு சொல்லுங்கப்பா, நான் சொல்லிர்றேன்."

"ஒனக்குப் புரியாதும்மா. அவளுக்குத்தான் புரியும்."

லயத்துக்குள் போன் எடுக்காது. மேலே கோயில் வளைவுக்குப் போகவேண்டும். சந்திரகாந்தி ஏறிப்போனாள். வளைவில் சிக்னல் இருந்தது. தங்கையின் பெயரைத் திரையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். கீழே தேயிலைக்குள் பெண்கள் நிரை பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். திரை தானாக அணைந்தது. அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"லைன் கெடைக்கலப்பா."

வாசலில் நின்ற ரெங்கம்மாவுக்கும் அது கேட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, அதற்குத்தானே அவள் கேபிள் இழுக்கிறாள் என்றார். அந்த முகத்தில் இருந்த பெருமையைச் சந்திரகாந்தி பார்த்தாள். ஒரு மணிக்கு, கஞ்சி மூன்றாவது கரண்டியிலேயே கடைவாயில் வழிந்தது. வளைவுக்குப் போய்த் துஷாந்திக்குச் செய்தி சொன்னது ரெங்கம்மாவின் புருஷன்.

மறுநாள் எடுத்தார்கள். துஷாந்தியோடு வேலை செய்யும் ஷுக்ரி என்பவர் மாலையோடு வந்திருந்தார். உங்கள் அப்பா இல்லையென்றால் இந்தத் தோட்டத்தின் பிளானே சரியாக வந்திருக்காது என்று அவர் சந்திரகாந்தியிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு அவருக்குத் தேநீர் ஊற்றினாள். தப்படித்துக்கொண்டு ஊர்வலம் இறங்கியபோது, துஷாந்தியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ரோடுவரை கூட்டிப் போனார்கள். சந்திரகாந்தி தானாகவே நடந்துபோய், தானாகவே திரும்பி வந்து, வீட்டைக் கழுவினாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு ஆட்கள் போன பிறகு, துஷாந்தி அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து லேப்டொப்பைத் திறந்தாள். திங்கட்கிழமை பிளானைக் கொடுத்துவிடவேண்டும் என்றாள். கூரைகள் திரையில் வரிசையாக இருந்தன. அவள் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்திரகாந்தி பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தாள். திரும்பப் போனவள் கதவடியில் நின்றாள்.

"மூணாம் லயம் எட்டு இல்ல. பத்து."

"அப்பா எட்டுன்னாரே."

"ரெண்டு வீட்டை மறிச்சிருக்காங்க. அப்பாவுக்கு அது பெறகுதான் நெனப்பு வந்திருக்கும். அதச் சொல்லத்தான் ஒன்னயக் கூப்பிடச் சொன்னாரு போல."

துஷாந்தி திரும்பவில்லை.

"ஒனக்கு முந்தியே தெரியுமாக்கா?"

"தெரியும்."

தகரத்தில் மழை லேசாக விழத் தொடங்கியது. துஷாந்தி எட்டை அழித்துப் பத்து என்று போட்டாள். இடம் போதாமல் பெட்டி சிவப்பாக மாறியது. அதை எடுத்துவிட்டுப் பெரிய பெட்டி ஒன்றை வைத்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு லைன் கெடைக்கலேன்னு சொன்னியாம். ரெங்கம்மாக்கா சொன்னாங்க. வளைவுல சிக்னல் இருக்குக்கா. நானே அளந்திருக்கேன்."

சந்திரகாந்தி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லலாம். மழைக்கால மப்பு என்று சொல்லலாம். போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லலாம்.

"இருந்திச்சு," என்றாள்.

துஷாந்தியின் தோள் குலுங்கியது. இந்த முறை சத்தம் வரவில்லை. சந்திரகாந்தி போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. கடைசியில் துஷாந்தி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலாம் லயம்?"

பக்கத்தில் கிடந்த தலையணையை அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டிலில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. சந்திரகாந்தி நின்றபடியே முதல் வீட்டிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.