வலப்பக்கம் மேலே

அந்த ஊரில் கோட்டை இருந்ததற்கு இப்போது சாட்சி பேருந்து நிறுத்தங்களின் பெயர்கள்தான். அகழி முனை, பெரிய வாசல், குதிரை லாயம். அகழியைத் தூர்த்து ரயில் நிலையம் கட்டினார்கள். குதிரைகள் நின்ற இடத்தில் பதினான்கு மாடி எழும்பியது. காலையில் ஊரே டோக்கியோ ரயிலில் நின்றபடி தூங்கிக்கொண்டு போகும், இரவு அதேபோல் தூங்கிக்கொண்டு திரும்பும். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கோட்டைத் திருவிழா வந்தால் மட்டும் ஆளுக்கொரு வாடகைக் கவசத்தை மாட்டிக்கொண்டு வீரர்களாகிவிடுவார்கள். வேஷம் போட்டால்தான் பக்கத்து வீட்டுக்காரனையே அடையாளம் தெரியும்.

இந்த வருஷம் கோட்டைத் தலைவர் வேஷம் லாயத்து அடுக்ககத்தின் முறை. சீட்டுக் குலுக்கியதில் முராகி பெயர் வந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் குரிஹாரா வந்து வாசலில் நின்று சொன்னபோது, மறுக்க முராகிக்கு நியாயமான காரணம் இருந்தது. அவர் மனைவி யசுயோ போன மாதம் டோக்கியோ ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். துக்க வீட்டுக்காரர் கோயில் வளைவைத் தாண்டக் கூடாது. ஊர்வலமோ கோயிலிலிருந்துதான் கிளம்பும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த வார்த்தையைத்தான் அவர் இந்த ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மைத்துனியை மட்டும் வைத்துக்கொண்டு காரியத்தை அங்கேயே முடித்து, அஸ்திக் கலயத்தைப் பயணப்பையில் வைத்து, வழக்கமான ரயிலிலேயே வந்தார். அன்று உட்கார இடம் கிடைத்தது. அதுதான் ஞாபகம் இருக்கிறது. அழுகை வரும் வரும் என்று பார்த்தார், வரவில்லை. யாருக்கும் தெரியாதவரை இந்த ஊரில் அவள் இன்னும் சாகவில்லை என்பது அவர் கணக்கு. அசட்டுக் கணக்குதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் எழுந்து ரயிலேறினார்.

"சரிங்க, வரேன்" என்றார் குரிஹாராவிடம்.

திருவிழாக் காலையில் சங்கக் கூடத்தில் வேஷம் கட்டும் அமளி. சலவைக்கடை நெமோதோ அம்மாதான் வருஷா வருஷம் ஆண்களுக்கு உடுத்திவிடுவாள். தெருவில் குப்பை சேரும் இடத்தை முறை வைத்துக் கூட்டுவதில் யசுயோவும் அவளும் ஜோடி.

"அட, வாங்க தலைவரே! யசுயோ எங்க? புருஷன் ராஜாவாகுற அன்னைக்குக்கூட முகத்தைக் காட்ட மாட்டாளாமா?"

"அக்கா வீட்டுக்குப் போயிருக்கா."

"நல்ல நாள் பார்த்தா போங்க! குப்பை முறைக்கும் நான் ஒத்தையாத்தான் நிக்கிறேன். வரட்டும், அவளுக்கு இருக்கு."

முராகி வெள்ளை உள்ளங்கியை வாங்கிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனார்.

"நான் கட்டிவிடுறேன், முராகி சான். உங்களுக்கு வராது."

"வரும், வரும்."

யார் கையும் மேலே படாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. கோட்டும் டையுமாகவே காலம் தள்ளிய மனிதர். இப்படிப்பட்ட அங்கியை ஒருவர் மடித்துக் கட்டுவதை அவர் ஒரே ஒரு தடவைதான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். கை போன போக்கில் மடித்து, நாடாவை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

நெமோதோ அம்மா வாயில் கை வைத்தாள். "ஐயையே! இதென்ன கூத்து? வலப்பக்கத்த மேல போட்டிருக்கீங்க? பொணத்துக்குத்தான் இப்படிக் கட்டுவாங்க!"

கூடம் கொல்லென்று சிரித்தது. "சண்டையே இன்னும் ஆரம்பிக்கல, தலைவர் அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாரே!" என்றார் குரிஹாரா.

முராகியும் கூடச் சிரித்தார். பிறகு குனிந்து தன் மார்பைப் பார்த்தார். ரயில் தாமதம் என்று ஆபீசுக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னார்:

"அவளுக்கு இப்படித்தான் கட்டினாங்க."

"யாருக்கு?" என்று கேட்டு முடிப்பதற்குள் நெமோதோ அம்மாவுக்கே தெரிந்துவிட்டது. "யசுயோவுக்கா? எங்ககிட்ட ஏன் சொல்லல? ஏன் சொல்லல, பாவி மனுஷா?"

குரிஹாரா இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். "மன்னிக்கணும், முராகி சான். ஆனா... கோயில்..."

"தெரியும்ங்க. நீங்களே தலைவரா போங்க."

குரிஹாரா தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டார். அது அவருக்குப் பெரிது, கண்ணை மறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

முராகி நாடாவை அவிழ்க்கப் போனார். நெமோதோ அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "நில்லுங்க." அவிழ்த்து, இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து, திரும்ப இறுக்கிக் கட்டினாள்.

"எப்படியும் கழட்டத்தானே போறேன்?"

"கழட்டுங்க. ஆனா அப்படியே விட மாட்டேன். நீங்க உசுரோட இருக்கீங்க."

அவள் கண்ணீர் அவர் புறங்கையில் விழுந்தது. சூடாக இருக்கிறது என்று நினைத்தார். வேறொன்றும் தோன்றவில்லை.

ஊர்வலத்து முரசு ஒரு பக்கம் போக, அவர் மறுபக்கம் நடந்து வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்ததும் "வந்துட்டேன்" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுத்தான் ஷூவைக் கழற்றுவார். கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம். இந்த ஒரு மாதமும் விட்டதில்லை. இன்றும் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.