பூட்டிக் கிடந்த மாடி வீடு

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பத்துத் தையல் மெஷின்களை வைத்து, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க்காகத் தைத்துக் கொடுக்கும் மகுடேஸ்வரன், செக்கிங் மேசையில் டி-சர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மகள் தேஜஸ்ரீ மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“அப்பா, கணக்கு டீச்சரும் போறாங்களாம். இன்னைக்கு டிரான்ஸ்பர் கவுன்சிலிங்காம்!”

அவருக்குச் சுருக்கென்றது. அரசுப் பள்ளியில் மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. முன்பிருந்த டீச்சர் மாறுதலில் போனபின் பல மாதம் கணக்குக்கு ஆளே இல்லை. தேறமாட்டாள் என்றிருந்தவளைத் தூக்கி நிறுத்தியவர் இந்த நதியா டீச்சர்தான்.

“வந்ததும் ஓடறதே இவங்களுக்குப் பொழப்பாப் போச்சு! நான் போய்க் கேக்கறேன் கண்ணு.” வண்டியை முடுக்கினார்.

கல்வி அலுவலக வராந்தாவில் ஆசிரியர்கள் பெயர் அழைப்புக்குக் காத்திருந்தார்கள். பள்ளிப் பக்கமே போகாத மகுடேஸ்வரன், விசாரித்துத்தான் நதியாவைக் கண்டுபிடித்தார்.

“ஏனுங்க டீச்சர், நான் தேஜஸ்ரீயோட அப்பனுங்க. புள்ளைங்கள நட்டாத்துல உட்டுட்டுப் போறீங்களே, நாயமுங்களா?”

நதியா நிமிர்ந்து பார்த்தார். “என்னைத் தெரியலையா சார்? போன வருஷம் உங்க மாடி வீட்டை வாடகைக்குக் கேட்டு வந்தேன்.”

அவர் விழித்தார்.

“மோர் குடுத்தீங்க. வாங்க, உக்காருங்கன்னு அவ்வளவு மரியாதை. அப்புறம், ‘நீங்க என்ன ஆளுங்க?’ன்னு கேட்டீங்க. சொன்னேன். ‘அடடா, வேற ஆளுக்குப் பேசி முடிச்சாச்சுங்களே’ன்னுட்டீங்க. இன்னைக்கு வரைக்கும் அங்க பனியன் வேஸ்ட் துணி மூட்டைதான் குடியிருக்கு. தினமும் பஸ்ல போறப்போ பார்க்கறேன்.”

மகுடேஸ்வரன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“நாலு வீடு ஏறி இறங்கினேன் சார். எல்லா வீட்டுலயும் அதே மோர், அதே கேள்வி. இப்ப நான் தங்கியிருக்கற லேடீஸ் ஹாஸ்டல்ல பிள்ளையச் சேர்க்க மாட்டாங்க. மூணு வயசு மகன் உசிலம்பட்டியில எங்கம்மாகிட்டக் கிடக்கான். இப்பல்லாம் போன்ல என்னைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கிறான்.”

மகுடேஸ்வரன் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். “இப்பவே மூட்டையத் தூக்கிப் போட்டுடறேனுங்க. நீங்க இருந்தாப் போதுமுங்க...”

உள்ளே நதியாவின் பெயரை அழைத்தார்கள்.

“ஒரு வருஷம் பிந்திட்டீங்க சார்.” எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது அவர் கையில் மாறுதல் ஆணை இருந்தது. “தேஜஸ்ரீக்கு ஜியோமெட்ரியிலதான் தடுமாற்றம். புதுசா வர்றவங்ககிட்ட மறக்காமச் சொல்லிடுங்க.”

வீடு திரும்பிய மகுடேஸ்வரன் நேராக மாடியேறிப் பூட்டைத் திறந்தார். மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே உருட்டினார். தேஜஸ்ரீ பின்னாலேயே வந்தாள்.

“இருக்கேன்னாங்களாப்பா?”

“அவங்களாப் போகல கண்ணு. நாந்தான் அனுப்பிச்சுட்டேன். டீச்சருங்க தங்க மாட்டேங்கறாங்கன்னு ஊரே பேசறோம். தங்க எடம் குடுத்தமான்னு ஒருத்தரும் யோசிக்கல. வாத்தியாருகிட்டச் சாதி கேக்கற ஊர்ல, புள்ளைங்க படிப்புதான் கண்ணு மொதல்ல வூட்ட விட்டு வெளிய போகுது.”