நான்காவது இடத்தின் சர்வ்

கோர்டியின் மதுக்கடைக்குப் பின்னால் மூன்று மணல் வாலிபால் கோர்ட்டுகள் உண்டு. நடுக் கோர்ட்டின் வலைக் கம்பத்தில் லீக்கின் சட்டங்களை அச்சடித்து, நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு ஆணியடித்திருப்பார் கோர்டி. மொத்தம் பதினெட்டு சட்டங்கள். ஆகஸ்டின் கடைசிச் செவ்வாய்க்கிழமை மாலை, லோர்னா அதில் பதினோராவது சட்டத்தை எத்தனையாவது முறையாகவோ படித்துக்கொண்டு நின்றாள். படித்துப் படித்துச் சட்டம் மாறிவிடப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு அணிக்கு நான்கு பேர்: இரண்டு ஆண், இரண்டு பெண். ஒருவர் வராவிட்டால் மூன்று பேரோடு ஆடலாம். ஆனால் வராதவரின் முறை வரும்போது சர்வ் போட ஆள் இல்லை, அதனால் ஒரு புள்ளியும் பந்தும் எதிரணிக்குப் போய்விடும். அந்தக் காலி இடத்துக்கு லீக்கில் பேய் என்று பெயர். எப்போது யார் வைத்ததோ தெரியாது. கெட்ட எண்ணத்தில் வைத்த பெயரும் இல்லை. முறை வந்ததும் எதிரணிக்காரர்கள் "பேய் சர்வ்!" என்று கத்திவிட்டுப் பந்தைக் கேட்டு வாங்குவார்கள், வழக்கம் அது. இந்த வருஷம் மே மாதத்தில் ஒருவன் அப்படிக் கத்திவிட்டு, யாருடைய இடம் அது என்று பிறகு தெரிந்துகொண்டு, கழிப்பறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அது மார்சியின் இடம். மார்சி குபியாக் மார்ச் மாதம் இறந்துபோனாள்.

ஏப்ரலில் அணிப் பெயர்களைக் கொடுக்கும்போது, மார்சியின் கணவன் டுவேன் நான்காவது வரியில் அவள் பெயரையே எழுதினான். பால் டேங்கர் லாரி ஓட்டுகிறவன், ஆறடி மூன்றங்குலம், வாயைத் திறந்தால் காசு கொட்டிவிடும் என்பது போல மூடியே வைத்திருப்பவன். "மாற்று ஆள் பாக்கலாமாடா?" என்று லோர்னா கேட்டாள். கேப்டன் அவள்தான், கேட்டுத்தானே ஆகவேண்டும். டுவேன் பேனாவைக்கூட நிமிர்த்தவில்லை.

"எங்கிட்ட ஆஸ்பத்திரியில வச்சு சொன்னா. 'என் எடத்த யாருக்கும் குடுத்துறாத'ன்னு சொன்னா."

லோர்னா தாளை வாங்கிக் கோர்டியிடம் கொடுத்துவிட்டாள். ஆனால் மார்சி அவளிடமும் ஒன்று சொல்லியிருந்தாள். அதே ஆஸ்பத்திரி, அதே கட்டில். "நான் இல்லாத நேரம் பாத்து சி-க்கு எறங்கிடாதீங்கடி. ஆறு வருஷம் ஏறியிருக்கேன். எறங்குனீங்க, வந்து கழுத்தப் புடிப்பேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. லோர்னா அவள் கையைப் பிடித்து, "இறங்க மாட்டோம்" என்றாள். சும்மா சொல்லிவைத்த வார்த்தை இல்லை, சத்தியமாகவே சொன்னாள்.

இறங்குவது என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். லீக்கில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு. ஏ பிரிவில் இருப்பவர்கள் கல்லூரி அணியில் ஆடியவர்கள். நம்மைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார்கள். சி பிரிவில் பாதிப்பேர் ஒரு கையில் பீரோடு ஆடுகிறவர்கள், பந்து வந்தால் கோப்பையைக் காப்பாற்றுவதா பந்தைக் காப்பாற்றுவதா என்று யோசிப்பார்கள், யோசித்துக் கோப்பையைக் காப்பாற்றுவார்கள். நடுவில் இருக்கிற பி-யில்தான் மனிதர்கள் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள். ஒவ்வொரு கோடையின் முடிவிலும் பி-யின் எட்டு அணிகளில் கடைசி இரண்டு சி-க்கு இறங்கும். நாற்பது வயதில் முதன்முதலாகப் பந்தைத் தொட்ட மார்சி, சி-யில் ஆறு கோடை கிடந்து, கடைசியில் 'பழைய முழங்கால்கள்' என்ற இந்த அணியை பி-க்கு ஏற்றினாள். அன்றைக்கு மணலில் மல்லாக்கப் படுத்துக் குழந்தை மாதிரிக் கைகால் ஆட்டினாள்.

அதனால் இந்தக் கோடை முழுவதும் லோர்னா அந்தச் சத்தியத்தைச் சுமந்துகொண்டு திரிந்தாள். காலி இடத்தின் முறை ஒவ்வொரு செட்டிலும் மூன்று நான்கு தடவை வரும். வரும்போதெல்லாம் டுவேன் பந்தை எடுத்துக்கொண்டு போய், சர்வ் கோட்டுக்குப் பின்னால் மணலில் வைப்பான். ஒரு மூச்சு நிற்பான். பிறகு குனிந்து அதை வலைக்கு அடியில் எதிர்ப்பக்கம் உருட்டிவிடுவான். மே மாதத்துக்குப் பிறகு யாரும் கத்துவதில்லை. எதிரணிகள் தொப்பியைக் கழற்றிக்கூட நின்றன. ஆனால் புள்ளியை மட்டும் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, அவர்களுக்கும் சி இருக்கிறது. பதினொரு ஆட்டத்தில் ஆறு தோல்வி. அதில் நான்கு, இரண்டு புள்ளிக்குள் தோற்றவை.

இன்றைக்குக் கடைசி ஆட்டம். எதிரே 'மணல் ஈக்கள்' என்ற அணி. தோற்கிற அணி சி-க்கு இறங்கும்.

முதல் செட் இருபத்தொன்றுக்குப் பதினெட்டு, தோல்வி. இரண்டாவது செட்டில் அணியின் மூன்றாவது ஆள் கூ வாங் பேய் பிடித்தவன் மாதிரி ஆடினான் என்று எழுதவந்தேன், இந்த இடத்தில் அந்த வார்த்தை வேண்டாம். குழாய்த் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்தவன், மணலில் விழுந்து விழுந்து எடுத்தான். இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது, வெற்றி. மூன்றாவது செட் பதினைந்து புள்ளி, அதோடு தீர்ந்துவிடும்.

இடைவேளையில் கூ தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு லோர்னாவிடம் வந்தான்.

"கேப்டன், நம்ம பெருசுகிட்ட யாராவது பேசுங்க. என் காலு ரெண்டும் செத்துப்போச்சு. இன்னும் மூணு புள்ளிய உருட்டிவிட்டா நான் அழுதுருவேன்."

"நான் பேசறேன்."

வேலிக்குப் பக்கத்தில் ஷெல்பி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறவள், வியாழக்கிழமை சி பிரிவில் ஆடுகிறவள். மாற்று ஆள் அதே பிரிவிலிருந்தோ கீழ்ப் பிரிவிலிருந்தோ வரலாம், மேலிருந்து வரக்கூடாது. செட் தொடங்குமுன் எதிரணிக் கேப்டனிடம் சொன்னால் போதும். லோர்னா அவளை வரச் சொல்லியிருந்தாள். காரணம் சொல்லவில்லை. ஷெல்பி காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் காரணம் புரிந்திருந்தது.

டுவேன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். லோர்னா அவன் முன்னால் போய் நின்றாள்.

"டுவேன், ஒண்ணு சொல்லணும். ஏப்ரல்லயே சொல்லியிருக்கணும்."

"ஷெல்பிய எதுக்கு வரச் சொன்னன்னு தெரியும். வேண்டாம்."

"அது இல்ல. மார்சி எங்கிட்டயும் ஒண்ணு சொன்னா. சி-க்கு எறங்கக் கூடாதுன்னு சொன்னா. நான் சரின்னேன்."

துண்டு அவன் முகத்திலேயே நின்றது.

"எப்போ?"

"பிப்ரவரியில. பனி கொட்டின அன்னிக்கு. நீ காரை எடுக்கப் போயிருந்த."

"எங்கிட்ட சொல்லலியே."

"உங்கிட்ட வேற சொல்லியிருக்கா. எங்கிட்ட வேற சொல்லியிருக்கா. ரெண்டையும் எப்படிடா ஒண்ணா செய்யறது? ஆறு மாசமா இது தொண்டையில நிக்குது. நீ பந்த உருட்டறப்பல்லாம் அவ ஏறின படியில ஒண்ண நீ உடைக்கற மாதிரி இருக்கு எனக்கு. கோபம் வருது. உம்மேல கோபப்பட்டுட்டு ராத்திரி அவகிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

இதைச் சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

டுவேன் அவளைப் பார்க்கவில்லை. சர்வ் கோட்டைப் பார்த்தான். ஏரிப் பக்கமிருந்து காற்று எழும்பி, அவன் உருட்டின பந்தின் தடத்தை மெதுவாக மூடிக்கொண்டிருந்தது. கோர்டி கடைக் கதவிலிருந்து, "ஆரம்பிக்கலாமா?" என்று குரல் கொடுத்தார். டுவேன் துண்டை வேலியில் போட்டான்.

"ஏய் ஷெல்பி," என்றான். "வா. அங்க நில்லு."

அவன் காட்டிய இடம் வலப்பக்கப் பின்மூலை. அந்த மூலையில் ஏப்ரலிலிருந்து இவர்களில் ஒருவரும் நின்றதில்லை. பந்து அங்கே விழப்போனால் கூ பாய்ந்து எடுப்பான், ஆனால் நிற்கமாட்டான். ஷெல்பி வந்து நின்றாள், அடுத்தவர் வீட்டுக் கம்பளத்தில் நிற்பவள் மாதிரி விரல்களைச் சுருக்கிக்கொண்டு.

ஷெல்பி நன்றாக ஆடினாள் என்று சொல்லமாட்டேன். சி-க்காரி சி-க்காரிதான். இரண்டு பந்தைக் கோட்டைவிட்டாள். ஒரு பந்தைச் சட்டப்படி கூடாதபடி கையை விரித்துத் தட்டிவிட்டு, தானே கையைத் தூக்கி, "என் தப்பு" என்றாள். நடுவர் இல்லாத ஆட்டத்தில் அதுதான் மானம். ஆனால் நான்காவது இடத்தின் முறை வந்தபோது டுவேன் பழக்கதோஷத்தில் பந்தோடு கோட்டை நோக்கி நான்கடி நடந்துவிட்டான். நின்றான். திரும்பி வந்து பந்தை ஷெல்பியின் கையில் கொடுத்தான். அவள் சர்வ் வலையைத் தாண்டியது. மறுபடியும் தாண்டியது. இரண்டு புள்ளி. ஒரு கோடை முழுக்க அந்த இடம் ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை. கூ ஊளையிட்டான். லோர்னா டுவேனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் தோள்கள் இறங்கியிருந்தன.

பத்துக்குப் பத்து. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. பிறகு ஈக்கள் இரண்டு எடுத்தார்கள். பதினான்குக்குப் பன்னிரண்டில் டுவேன் வலைக்கு மேலே எழும்பி ஒன்றை அடித்து இறக்கினான். பதின்மூன்று. பந்து இவர்கள் பக்கம் வந்தது. முறை சுழன்றது.

நான்காவது இடம்.

இந்தத் தடவை டுவேன் நேராக ஷெல்பியிடம் போனான். "காத்து எதிர்ல வருது. ஒசரத் தூக்கிப் போடாத," என்று மட்டும் சொன்னான். ஷெல்பி தலையாட்டினாள். பந்தைத் தூக்கிப் போட்டாள், உயரமாக. முழங்கை மடங்கியது. பந்து வலையின் மேல்நாடாவில் பட்டு, ஒரு கணம் அங்கேயே யோசித்துவிட்டு, இந்தப் பக்கமே விழுந்தது.

பதினைந்துக்குப் பதின்மூன்று. முடிந்தது.

ஈக்கள் குதிக்கவில்லை. வலைக்கு அடியில் வந்து கை குலுக்கினார்கள். அவர்கள் கேப்டன் டுவேனின் கையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். கோர்டி பலகையில் இருந்த 'பழைய முழங்கால்கள்' அட்டையைக் கழற்றி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, சி என்ற தலைப்பின் கீழே குத்தினார்.

ஷெல்பி கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வராமலே இருந்திருக்கலாம்," என்று அழுதாள். "பேயா இருந்தாலும் இதே புள்ளிதான போயிருக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கூ வேறு பக்கம் திரும்பினான்.

டுவேன் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய உடம்பு உட்கார நேரமெடுத்தது.

"இல்ல," என்றான். "அப்படி இருந்திருந்தா நான் குனிஞ்சு உருட்டியிருக்கணும். கடைசித் தடவையும் நான்தான் உருட்டியிருக்கணும்." கையால் மணலை அள்ளிக் கீழே விட்டான். "என்னால இனிமே முடியாது, ஷெல்பி. மே மாசத்துலயே முடியல. அவகிட்ட சரின்னுட்டேன்னு செஞ்சுக்கிட்டிருந்தேன்."

லோர்னா அவர்கள் எதிரில் வந்து மண்டியிட்டாள். "உனக்குச் சொன்ன வார்த்தையும் போச்சு, எனக்குச் சொன்ன வார்த்தையும் போச்சுடா."

"ஒரே சர்வுல," என்றான் டுவேன்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். மார்ச்சுக்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை. சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. அவன் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. கோர்ட்டில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், தலை குனியாமல், சத்தம் போட்டு அழுதான். லோர்னா அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அவளும் அழுதாள். கோடை முழுக்கச் சுமந்தது எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை. அது போனதே வலித்தது.

விளக்குப் போடும் நேரம் வந்ததும் டுவேன் எழுந்தான். கோர்டியிடம் போய் அடுத்த கோடைக்கான தாளைக் கேட்டு வாங்கினான். தன் பெயர், லோர்னா, கூ. நான்காவது வரியில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு திரும்பி, மணலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்த ஷெல்பியைக் கூப்பிட்டான்.

"உன் பேருல எத்தன 'எல்' எழுத்து?"

"ஒண்ணு."

எழுதினான். தாளைக் கோர்டியிடம் கொடுத்துவிட்டு, பந்தை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"முழங்கைய மடக்காத. மார்சியும் மொதல் வருஷம் பூரா மடக்கிக்கிட்டுதான் இருந்தா. வா, இன்னொரு தடவ போடு."